கிரகணக் கட்சியும் மாத்திரைக் கட்சியும்

"கையை நீட்டு" என்றார் நர்ஸ்.

"எந்தக் கை?" என்றேன்.

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வலது கை எல்லோருக்கும் இருப்பதுபோல நீளமாக, நரம்பு புடைத்து இருக்கும். இடது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிடும். முடிகிற இடத்தில் மொட்டு மாதிரி இரண்டு விரல்கள். பீடி பிடிக்க அது போதும். பஸ் டிக்கெட்டைச் செருகி வைக்கலாம். மற்றபடி பெரிய உபயோகம் இல்லை.

நர்ஸ் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்தார். "நீளமா இருக்கிறத நீட்டுப்பா. வேலை கெடக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என் கையைப் பார்த்ததும் 'ச்சு' கொட்டாத மனிதர்களை விரல்விட்டு எண்ணலாம். அதற்கு என் இடது கை விரல்களே போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி. பிரசவ வார்டை ஒட்டிய சின்ன அறை. கறுப்பு ரெக்சின் போட்ட கட்டில், முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டியது. தரையில் ஒரு கண்ணாடி பாட்டில், என் ரத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என் அத்தை மகள் கோதை கிடந்தாள். காலையில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் நஞ்சுக்கொடி முழுசாக வரவில்லை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

நர்ஸ் என் புஜத்தில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டினார். ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து அத்தை வாசலில் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக்கொண்டாள், ஏதோ நான் ஓடிப்போய்விடுவேன் என்பதுபோல.

"இவன் ரத்தம் வேண்டாம்" என்றாள்.

உள்ளே கிடப்பது அவள் பெற்ற ஒரே மகள். அந்த ரத்தம் கிடைக்காவிட்டால் மகள் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அப்படியும் வேண்டாம் என்றாள்.

அது ஏன் என்று சொல்ல, நான் பிறப்பதற்கு முன்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டு அரசியல்

நான் வளர்ந்த வீடு ராஜபாளையத்தில். அந்த வீட்டில் இரண்டு கட்சிகள். ஒன்று கிரகணக் கட்சி. அதற்குத் தலைவி அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் கட்சிப் பணிக்காக அடிக்கடி வந்து போவாள். இன்னொன்று மாத்திரைக் கட்சி. அதில் ஒரே உறுப்பினர், என் அம்மா பாக்கியம்.

விவகாரம் என் இடது கை.

கிரகணக் கட்சியின் கொள்கை இது. அம்மா என்னைச் சுமந்திருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி அந்த நேரத்தில் வெளியே வரக் கூடாது, எதையும் நறுக்கக் கூடாது. நறுக்கினால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இடம் வெட்டுப்படும். அம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினாள். அத்தை அதைத் தன் கண்ணால் பார்த்தாள். கதை முடிந்தது.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் நான் கேட்ட முதல் சந்தேகம், "அப்போ வாழக்கா நறுக்கியிருந்தா கால் போயிருக்குமா அத்த?" என்பது. அதற்கு ஒரு குட்டு கிடைத்தது.

மாத்திரைக் கட்சியின் கொள்கை வேறு. என்னைச் சுமந்தபோது அம்மாவுக்கு மசக்கை கடுமை. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. அப்போது ஒரு கம்பவுண்டர், எங்கேயோ வேலை பார்த்துவிட்டு வந்து தெருவில் சின்ன மருந்துக்கடை போட்டிருந்தவர், புதுசாக வந்த மாத்திரை என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வாந்தி நின்றது. நன்றாகத் தூக்கம் வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டாள். பிறகு நான் பிறந்தேன், இந்தக் கையோடு.

"கிரகணத்தன்னிக்கு நான் இழுத்துப் போத்திக்கிட்டு உள்ளதான் கெடந்தேன். மாத்திரதான் காரணம்" என்பாள் அம்மா. அவ்வளவுதான் அவள் பேச்சு. அந்த மாத்திரையை யார் வாங்கிவந்தார்கள் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. வாங்கிவந்தது அத்தை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அக்கா சொல்வதற்கும் தலையாட்டுவார், பெண்டாட்டி சொல்வதற்கும் தலையாட்டுவார். லீவு முடிந்ததும் ரயிலேறிவிடுவார். எல்லையில் சண்டை போடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

இதில் யார் சொன்னது சரி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பின்னாளில் நாக்பூரில் ஒரு டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாந்தி மாத்திரை இருந்தது, வெளிநாடுகளில் நிறையப் பிள்ளைகள் இப்படிப் பிறந்தார்கள் என்று சொன்னார். "உங்க அம்மா தின்னது அதேதானா?" என்று கேட்டார். கம்பவுண்டர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைக்குப் பெயர் ஏது.

கத்தரிக்காய்க்கு மட்டும் பெயர் இருந்தது. அதனால் ஊர் அதையே நம்பியது. பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயரும் கத்தரிக்காய்தான். எட்டாம் வகுப்பில் இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன். பெஞ்சுக்கே என்னைச் சலித்துவிட்டது. ஒருநாள் பருத்தி லாரி ஒன்றில் ஏறிப் போய்விட்டேன்.

ரத்தம் பெயிலான கதை

லாரி, ஹோட்டல், கரும்பு ஆலை என்று சுற்றிய கதைகளை ஏற்கனவே வேறு இடங்களில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். மதுரையில் கொஞ்ச காலம் ரத்தம் விற்றேன்.

அப்போது அது சாதாரணம். ஆஸ்பத்திரிப் பக்கத்து டீக்கடைகளில் புரோக்கர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சொந்தக்காரனுக்கு ரத்தம் கொடுக்கப் பயப்படுகிற ஆட்கள் அவர்களிடம் வருவார்கள். என் மாதிரி வேலை இல்லாதவர்களுக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். ஒற்றைக் கைக்காரனுக்கு மூட்டை தூக்கும் வேலை தர யோசித்தவர்கள்கூட ரத்தம் எடுக்க யோசிக்கவில்லை. ரத்தத்துக்குக் கை தேவையில்லை.

முதல் தடவை என் விரலைக் குத்திச் சோதித்தவர், "ஓ நெகட்டிவ்" என்றார்.

எட்டாம் வகுப்புவரை படித்ததில் நெகட்டிவ் என்றால் கழித்தல் என்றுதான் எனக்குத் தெரியும். கைதான் குறைச்சல் என்று பார்த்தால் ரத்தமும் பெயிலாகிவிட்டது என்று எழுந்து வெளியே வந்தேன். புரோக்கர் துரத்திவந்து பிடித்தார். "ஏலே கோட்டிக்காரப் பயலே, நீ தங்கம்லே. நூத்துல ஒருத்தனுக்குத்தான் இது இருக்கும்" என்றார். என் வாழ்க்கையில் என்னைத் தங்கம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். சொல்லிவிட்டு என்னைச் சக்கையாகப் பிழிந்தார்.

ஒருமுறை கொடுத்தால் சில மாதம் விட்டுத்தான் மறுபடி கொடுக்க வேண்டுமாம். புரோக்கரிடம் காலண்டர் கிடையாது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே விழுந்தேன். கண் திறந்தபோது என் சட்டைப் பையில் இருந்த காசும் செருப்பும் காணாமல் போயிருந்தன. அத்தோடு அந்தத் தொழிலை விட்டேன்.

ஆனால் நெகட்டிவ் என்ற பெருமையை விடவில்லை. ஊருக்குத் திரும்பிவந்த பிறகு டீக்கடை, சலூன், கல்யாண வீடு என்று எல்லா இடத்திலும் சொல்லித் திரிந்தேன். மனுஷனுக்குப் பெருமைப்பட ஏதாவது ஒன்று வேண்டும். எனக்கு அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

கிடைக்காத முறைப்பெண்

கோதை எனக்கு முறைப்பெண். அத்தை மகள் இருக்கும்போது வெளியே பெண் தேடுவது எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கே கேவலம். ஆனாலும் எனக்கு அவளைத் தரும் பேச்சே வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நிலையான வேலை இல்லாதவன், ராத்திரிக்கு ராத்திரி ஊர் மாறுகிறவன். ரெண்டு கை இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு தடவை அம்மா கேட்டாள். அத்தை யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"பொறக்குற பிள்ளைக்கும் கை இல்லாமப் போயிட்டா?"

அம்மா, "கிரகணத்துல போன கைதான மதினி? அது எப்படிப் பேரப்பிள்ளைக்கு வரும்?" என்றாள்.

அத்தை செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். ரொம்ப நேரம் குடித்தாள். ஒரு செம்புத் தண்ணீரை அவ்வளவு நேரம் ஒருத்தர் குடித்து நான் பார்த்ததில்லை.

கோதையை ஒரு போலீஸ்காரருக்குக் கொடுத்தார்கள். பெயர் சீனிவாசன். மீசை மட்டுமே தனியாக டூட்டி பார்க்கும். நல்ல மனிதர். கல்யாணப் பந்தலில் நான் ஒற்றைக் கையால் பந்தி பரிமாறியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, சாம்பார் வாளிய எதுல மாட்டுவீக?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். முழங்கையில் மாட்டிக் காட்டினேன். அன்றிலிருந்து சிநேகம்.

கொட்டகைக்கு வந்த அம்மா

கோதைக்குப் பிரசவமான அன்று நான் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கிற கொட்டகை ஒன்றில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் அது பெரிய தொழில். தறியில் நெய்து, வெளுத்து, கயிற்றில் காயப்போட்டு, சுருட்டி, நாடு பூராவும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவோம். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளையாக இருக்கும். குளோரின் வாசனையில் மூக்கு எரியும்.

துணிகளை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். வேகமாக நடந்துவந்ததில் மூச்சு வாங்கியது.

"ஏலே, கைய கழுவு. கோதைக்கு ரத்தம் வேணுமாம். அவளுக்கும் ஒன்னையமாதிரி நெகட்டிவாம். ஒன் ரத்தந்தான் சேருமாம்."

"சீனிவாசன் அண்ணாச்சி குடுக்க வேண்டியதுதான? அம்புட்டு ஒடம்ப வச்சிருக்காரு."

"அவருக்குச் சேரல. சோதிச்சுப் பாக்க விரல்ல குத்துனாங்களாம். குத்துனதும் மயங்கி விழுந்துட்டாரு. இப்ப அவருக்கு ஒருத்தி விசிறிக்கிட்டு இருக்கா."

மதுரைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். அவன் போய்த் திரும்புகிறவரை தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விசிறியடித்து எழுப்பப்பட்ட சீனிவாசன் அண்ணாச்சிக்குத்தான் என் டீக்கடைப் பெருமை ஞாபகம் வந்திருக்கிறது. ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருக்கிறார். ஒரு கான்ஸ்டபிள் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒங்க மகன் எங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா முதலில் நான் எதையோ திருடிவிட்டேன் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

பஸ், வன்னியம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டிய பிறகு அம்மா ஒன்று சொன்னாள். "பிள்ள பொறந்ததும் மதினி என்ன செஞ்சா தெரியுமா? ஆணா பொண்ணான்னு கேக்கலியாம். துணியப் பிரிச்சு வெரல எண்ணுனாளாம். ரெண்டு தடவ."

அதை எதற்குச் சொன்னாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வாசலில் அத்தை

இப்போது அந்த அறைக்குத் திரும்பலாம். என் புஜத்தில் ரப்பர் குழாய். நர்ஸ் கையில் ஊசி. வாசலில் அத்தை. அவளுக்குப் பின்னால் அம்மா.

"இவன் ரத்தம் வேண்டாம்."

"ஏம்மா? லேப்ல ரெண்டு ரத்தத்தையும் கலந்து பாத்தாச்சு. சேருது" என்றார் நர்ஸ்.

"சேரும். அதான் பயம்" என்றாள் அத்தை. "அந்த மாத்திர இவன் ரத்தத்துலதான் கெடக்கும். இத ஏத்துனா எம்பிள்ளைக்குப் போயிரும். பொறவு அவ பெறுற பிள்ளைகளுக்கெல்லாம் கை இருக்காது."

பக்கத்து வார்டில் ஒரு குழந்தை அழுதது.

அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"எந்த மாத்திர மதினி?"

அத்தை திரும்பவில்லை. அவளுடைய கைகள் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தன.

"நான் வாங்கியாந்த மாத்திரதான்" என்றாள். "வேற எந்த மாத்திர. இவன் பொறந்து, துணியில சுத்திக் குடுத்தாங்கல்லா. அப்பவே எனக்குத் தெரியும் பாக்கியம்."

நான் பிறந்ததிலிருந்து நடந்த தேர்தலின் முடிவு அப்படித்தான் வெளிவந்தது. கையில் ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டு கட்டிலில் மல்லாந்து படுத்தபடி கேட்டேன். கைதட்டத் தோன்றியது. அதற்கும் எனக்கு வசதி இல்லை.

நர்ஸுக்கு இந்த அரசியல் எதுவும் தெரியாது. "ஏம்மா, முந்தாநாள் முழுங்குன மாத்திரையே மூத்திரத்துல போயிருது. இது இவன் பொறக்கறதுக்கு முன்னாடி தின்னது. அதுவும் இவன் தின்னதில்ல, இவங்க அம்மா தின்னது. இன்னுமா உக்காந்துருக்கும்?" என்றார்.

"ஒங்களுக்கென்ன தெரியும்" என்றாள் அத்தை.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "அத்த, மதுரையில பல பேருக்கு என் ரத்தந்தான் ஓடுது. எல்லாவனும் ரெண்டு கையோடதான் திரியுறான்."

"நீ வாயப் பொத்துலே."

உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. பாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒரு ஆயா எங்களைத் தாண்டி ஓடினாள். அவள் கையில் இருந்த துணிச்சுருள் அவ்வளவும் சிவப்பு. அது எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் வெளுத்த துணியாகத்தான் இருக்கும். அவ்வளவு வெள்ளையாக இருந்தது அவ்வளவு சீக்கிரம் சிவந்ததைப் பார்த்து, அன்றைக்கு முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜெயித்திருந்தாள். என் வயதுக்குச் சமமான காலம் காத்திருந்து ஜெயித்திருந்தாள். புருஷன் நம்பவில்லை, ஊர் நம்பவில்லை. பிள்ளையின் கையைக் கத்தரிக்காயோடு சேர்த்து நறுக்கினவள் என்று கல்யாண வீட்டில் மங்கலக் காரியங்களுக்கு அவளை முன்னால் கூப்பிடமாட்டார்கள். அதெல்லாம் அந்த நிமிஷத்தில் தீர்ந்தது. இனி அவள் சொல்லலாம். எவ்வளவோ சொல்லலாம்.

அம்மா அத்தையின் தோளைத் தொட்டாள்.

"மாத்திர இல்ல மதினி. கிரகணந்தான்."

அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"நான் நறுக்குனேன்" என்றாள் அம்மா. "கத்தரிக்காதான். பிஞ்சுக் கத்தரிக்கா. எதையாவது வாய்க்கு ருசியாத் திங்கணும்போல இருந்துச்சு. கிரகணத்த மறந்துபோயிட்டு, கொல்லையில உக்காந்து நறுக்கிட்டேன். நீங்கதான் பாத்தீகள்லா?"

"நான் பாக்கல பாக்கியம்."

"பாத்தீக. இம்புட்டு நாளும் சொல்லிக்கிட்டுத்தான வாரீக. நாந்தான் ஒத்துக்கல." அம்மாவின் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. கடையில் உளுந்து கேட்பதுபோலச் சொன்னாள். "கிரகணம் ரத்தத்துல ஒட்டாது. வழிய விடுங்க. பிள்ள போயிரும்."

அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஒரு பொய்யை அது பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொள்கிற முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். நிலையிலிருந்து முதலில் ஒரு கையை எடுத்தாள். பிறகு இன்னொரு கையை.

நர்ஸ் காத்திருக்கவில்லை. ஊசி ஏறிவிட்டது.

பஞ்சு

"கைய மூடி மூடித் தொற" என்றார் நர்ஸ். மூடி மூடித் திறந்தேன். மதுரையில் கொடுத்தபோதெல்லாம் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அன்றைக்குப் பாட்டிலைப் பார்த்தேன். என் ரத்தம் போகிற இடம் தெரிந்தது அந்த ஒரு தடவைதான்.

பாட்டில் நிறைந்ததும் நர்ஸ் ஊசியை உருவினார். குத்தின இடத்தில் பஞ்சை வைத்தார். "மடக்காத. நீட்டியே வச்சு, அந்தக் கையால நல்லா அழுத்திப் பிடி" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அந்தக் கையால்.

என் இடது கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. இரண்டு மொட்டு விரல்களும் காற்றில் ஆடின. பஞ்சு சிவந்து, மெதுவாக ஒரு பக்கமாகச் சரிந்தது. ரெக்சினில் சொட்டு விழுந்தது. இதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஓ நெகட்டிவ், நூற்றில் ஒருத்தன், தங்கம், கட்டிலில் ஒழுகிக்கொண்டிருந்தது.

அத்தை வந்து பஞ்சின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

அவள் என்னைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. குட்டியிருக்கிறாள், அது வேறு. சின்ன வயதில் தூக்கியிருப்பாளோ என்னவோ, எனக்கு ஞாபகம் இல்லை. அழுத்தம் பலமாக இருந்தது. அளவுக்கு மேலேயே பலமாக இருந்தது.

"வலிக்கி அத்த" என்றேன்.

"வலிக்கட்டும்லே. நிக்கணும்லா" என்றாள்.

ரத்தம் நின்ற பிறகும் விரலை எடுக்கவில்லை. சீனிவாசன் அண்ணாச்சி ஒரு கையில் கலர் சோடாவும் ஒரு கையில் பால்கோவாப் பொட்டலமுமாக வந்தார். என் கை அத்தையின் பிடியில் இருந்ததால் அம்மாதான் பால்கோவாவை ஊட்டிவிட்டாள். போலீஸ்காரர் பாட்டிலைப் பிடித்துக் கலர் குடிக்க வைத்தார். தரையில் சொட்டியிருந்த ரத்தத்தைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கோதை பிழைத்தாள். சாயங்காலம் மதுரைக்குப் போன ஆள் இன்னொரு பாட்டிலோடு வந்து சேர்ந்தான். நான் மறுநாள் பார்க்கப் போனபோது வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். "மச்சான், ஒங்க ரத்தம் ஏறுனதுலேருந்து எங்கிட்டாவது ஓடிப்போகணும்போலவே இருக்கு" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். "நெசமாவே நறுக்குனியா?"

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பல்லாம் எனக்குக் கத்தரிக்காயக் கண்டாலே கொமட்டும்லே."

கட்சி மாறியவர்கள்

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கட்சிகள் இடம் மாறின. யார் கேட்டாலும் அம்மா, "கிரகணந்தான், நான் நறுக்கிட்டேன்" என்பாள். அத்தை, "இல்ல, மாத்திர. நான் வாங்கிக் குடுத்தேன்" என்பாள். முன்பெல்லாம் இரண்டு பேரும் அடுத்தவர்மேல் பழியைப் போட்டுச் சண்டை போட்டார்கள். இப்போது பழி தனக்குத்தான் என்று சண்டை போட்டார்கள். கேட்டவர்கள் குழம்பிப்போய் என்னைப் பார்ப்பார்கள். நான், "எனக்கு ஞாபகம் இல்ல, அப்ப நான் உள்ள இருந்தேன்" என்பேன்.

அத்தை புதுக் கட்சியில் ரொம்பத் தீவிரம். ஆஸ்பத்திரியிலேயே, நெகட்டிவ்காரிக்கு அடுத்த பிள்ளைக்காக ஒரு ஊசி போட வேண்டும் என்று சொன்னார்கள். அதற்குச் சம்மதித்தாள், அது மாத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. பல வருஷம் கழித்துக் கோதை மறுபடி உண்டானபோது, சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரைகளை எல்லாம் அத்தை எருக்குழியில் போட்டுவிட்டாள். கண்டுபிடித்த கிராம நர்ஸ் தெருவே கேட்கும்படி திட்டினார். அதன் பிறகும் ஒவ்வொரு மாத்திரையையும் கோதைக்குக் கொடுக்கும் முன்னால் அத்தை தானே ஒன்றை முழுங்கிப் பார்ப்பாள். அந்த வருஷம் அவள் முகத்தில் நல்ல களை வந்தது.

அந்தப் பிரசவத்துக்குமுன் ஒரு சூரிய கிரகணம் வந்தது. தொண்ணூறுகளில் வந்த பெரிய கிரகணம். நான் அப்போது ஊரில் இருந்தேன். அம்மா தன் கட்சிக் கடமையைச் செய்ய முந்தின நாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டாள். கோதையை உள்ளறையில் படுக்க வைத்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வாசலில் காவல் உட்கார்ந்தாள்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. தெருவில் ஆள் இல்லை. நாய்கூட இல்லை.

அப்போது அத்தை அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு நேராக நடுத்தெருவுக்குப் போனாள். முறத்தைப் பக்கத்தில் வைத்தாள். முறம் நிறையப் பிஞ்சுக் கத்தரிக்காய். காலை மடக்கி உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக விரலளவு திறந்தன.

"மதினி, உள்ள வாங்க. ஊரு சிரிக்கும்" என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும். நான் என்ன மசக்கையாவா இருக்கேன்?"

"பொறவு எதுக்கு இப்ப நறுக்குறீக?"

அத்தை ஒரு காயை நாலாக வகிர்ந்து முறத்தில் போட்டாள்.

"நீ நறுக்குனதா நான் சொன்னேன். நீயும் நறுக்குனேன்னு சொல்லிட்ட. யாராவது ஒருத்தி நெசமா நறுக்கணும்லா" என்றாள்.

அம்மா வாசலில் நின்றாள். வெயில் பழைய வெள்ளித் தட்டு நிறத்துக்கு வந்திருந்தது. பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். "காம்ப இப்படியா கிள்ளுவாக? தள்ளுங்க அங்கிட்டு" என்று சொல்லி எதிரே உட்கார்ந்து முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கோதை சத்தம் கொடுத்தாள். "எனக்குப் புழுங்குது. நானும் வெளிய வரட்டுமா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

"ஏட்டி, உள்ள கெட."

இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான்.